பட்டாளத்து மலையேற்றக் கழகத்தில் என்னதான் நடக்கிறது?

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் வெலிங்டனைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். எம்.ஆர்.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அங்கேதான் இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் அங்கேதான். தோளில் கயிற்றுச் சுருளுடன் நாலு வீரர்கள் நடந்து போவது தெரிந்தால் போதும், டீக்கடையில் பேச்சு தொடங்கிவிடும்.

“மலையேற்றக் கிளப்புல சேர்ந்துட்டா நேரா எவரெஸ்ட்தான்” என்பார் ஒருவர். “அதெல்லாம் இல்லண்ணே, சியாச்சினுக்கு ஆள் பொறுக்கறதுக்குத்தான் அது” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “நான் தொட்டபெட்டாவுக்கே நடந்து போயிருக்கேன், அப்ப நானும் மலையேறிதான்” என்பார்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் தவறு. படைப்பிரிவுகளிலும் பயிற்சிக் கல்லூரிகளிலும் இருக்கும் இந்தக் கழகங்கள் உண்மையில் என்ன கற்றுக் கொடுக்கின்றன, அதில் ஒருவருக்கு என்ன வாய்ப்பு கிடைக்கிறது என்பதைக் கயிறே பிடித்திராத ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே பெயரில் மூன்று வேலை

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் எல்லாவற்றையும் ‘மலையேற்றம்’ என்று சொல்லிவிடுகிறோம். பழனி மலைப் படிக்கட்டில் ஏறினாலும் மலையேற்றம், கஞ்சன்ஜங்காவில் ஏறினாலும் மலையேற்றம்.

கால் மட்டும் வேலை செய்தால் அது மலைநடை. டிரெக்கிங் என்பது இதைத்தான். கையும் காலும் சேர்ந்து வேலை செய்து, விழுந்தால் அடிபடும் செங்குத்தில், கயிற்றின் பாதுகாப்போடு ஏறுவது பாறையேற்றம். பனியும் உயரமும் சேர்ந்துகொண்டு, கூடாரம், உணவு, வானிலை, மூச்சு எல்லாவற்றையும் நாள்கணக்கில் கணக்கிட வேண்டி வந்தால் அது மலையேற்றம், அதாவது மவுன்டனியரிங்.

நீலகிரியில் முதல் இரண்டுக்கும் இடம் உண்டு. மூன்றாவதற்கு இல்லை. நம் மாவட்டத்தின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும், படம் எடுத்துப் போடுவோம். ஆனால் காலில் முள்தகடு கட்டிக்கொண்டு நடக்க வேண்டிய நிரந்தரப் பனி தென்னிந்தியாவில் எங்குமே கிடையாது. ஆகவே வெலிங்டன் மாதிரி ஓர் ஊரில் கற்கக்கூடியது பாறையும் கயிறும்தான். பனி வடக்கே இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பதுதான் கழகத்தின் வேலை.

இது போர்ப் பயிற்சியா?

இல்லை. மலைப்போர்ப் பயிற்சிக்கென்று ராணுவத்தில் தனிப் பள்ளிகள் உண்டு. குல்மார்க்கில் 1948-ல் தொடங்கிய உயர்மலைப் போர்ப்பள்ளி அவற்றில் பெயர் பெற்றது. அங்கே போவது கட்டளையின்பேரில். கழகத்துக்கு வருவது விருப்பத்தின்பேரில். ஒரு ரெஜிமென்டுக்குக் கால்பந்து அணி இருந்தால் அதைப் போர்த் தயாரிப்பு என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அந்த மாதிரிதான் இதுவும்.

ஆனாலும் படை இதற்குப் பணமும் விடுப்பும் தருகிறது என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. அசட்டுத் துணிச்சலையும் பயந்து ஒதுங்குவதையும் ஒரே நேரத்தில் அடக்கக் கற்றுத்தர பாறையைவிட மலிவான வாத்தியார் கிடையாது. இது என் கருத்து. படை என்ன நினைக்கிறதோ, அதன் ஆவணத்தில் ‘சாகசப் பயிற்சி’ என்று கண்ணியமாக எழுதியிருக்கும்.

சுருக்கமாக, நடை வேறு, பாறை வேறு, பனிமலை வேறு. கழகம் என்பது போர்ப்பள்ளி அல்ல, ஆசைப்பட்டு வருகிறவர்களை முதலாவதிலிருந்து மூன்றாவதுவரை படிப்படியாகக் கொண்டு போகும் இடம்.

கயிறு ஏன் நீள வேண்டும்

இனி விஷயத்துக்கு வருவோம். புதிதாக வருகிறவர் எல்லோரும் கேட்கும் கேள்வி, “கயிறு அறுந்துடாதா?” என்பதுதான். நல்ல கயிறு சரியாகப் பராமரிக்கப்பட்டால் லேசில் அறுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: “கயிறு என்னை எப்படி நிறுத்தும்?”

உயர்ந்து வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையை விறைப்பாக வைத்துக்கொண்டால் உள்ளங்கை எரியும். பந்தோடு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் வலிக்காது. பந்தின் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். நிறுத்த எடுத்துக்கொண்ட தூரம்தான் வேறு. அந்தத் தூரம் பாதியானால் அடி இரு மடங்காகும்.

விழும் மனிதருக்கும் இதே கணக்குதான். கிணற்றுக் கயிறு போல நீளாத கயிற்றில் மூன்று மீட்டர் விழுந்தால், கயிறு தாங்கினாலும் இடுப்பு தாங்காது. அதனால் பாறையேற்றத்துக்கு நீளும் கயிறு பயன்படுகிறது. இதற்கு டைனமிக் கயிறு என்று பெயர். உள்ளே முறுக்கிய நைலான் இழைகள், வெளியே நெய்த உறை. கடுமையான சோதனை வீழ்ச்சியில் இது தன் நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல்கூட நீளும். 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். தடிமன் பெரும்பாலும் 9, 10 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் அளவுகூட இராது. புதியவர்கள் முகத்தில் முதல் அவநம்பிக்கை அந்தத் தடிமனைப் பார்த்ததும்தான் வரும்.

கீழே இறங்குவதற்கும் சுமை தூக்குவதற்கும் நீளாத கயிறு வேண்டும். அது ஸ்டாட்டிக். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பயன்படுத்தினால் விபரீதம். அதனால்தான் பட்டாள ஸ்டோரில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பதிவேடு வைப்பார்கள்: வாங்கிய தேதி, எத்தனை முறை பயன்பட்டது, பெரிய வீழ்ச்சி ஏதாவது தாங்கியதா. கயிற்றை மிதித்துவிட்டால் பயிற்சியாளர் சுள்ளென்று எரிந்து விழுவார். மணல் துகள் உள்ளே போய் இழையை அறுக்கும் என்பதுதான் காரணம், மரியாதை எல்லாம் அப்புறம்.

மறுமுனையில் இருப்பவர்

கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில், 8 என்ற எண் வடிவில் போடும் ‘எட்டு முடிச்சால்’ கட்டப்பட்டிருக்கும். அந்த இடுப்பு–தொடைப் பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர். கயிற்றின் மறுபகுதி இன்னொருவர் கையில் இருக்கும். அவர் கயிற்றைத் தேவைக்கேற்ப விட்டும் இழுத்தும், விழுந்தால் பூட்டியும் காப்பதற்குப் பெயர் பிலே. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் இருதயமே இதுதான்.

எழுபது கிலோ மனிதரை இன்னொருவர் கையால் பிடிக்க முடியுமா? கையால் மட்டும் முடியாது. திமிறும் காளையின் கயிற்றை நேராகப் பிடித்தால் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அதே கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பிடித்தால் பத்து வயதுப் பையன்கூட நிறுத்துவான். வேலையைச் செய்வது உராய்வு, கை அதற்குக் காவல் மட்டும். பிலே கருவி என்பது அந்த மரத்தைச் சுருக்கி, உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டாக்கியது. கயிறு அதில் வளைந்து நுழைந்து வளைந்து வெளியேறும். வெளியேறும் பக்கத்தைப் பிடிக்கும் கைக்கு பிரேக் கை என்று பெயர். மூக்கு அரித்தாலும், கொசு கடித்தாலும், மேலதிகாரி கூப்பிட்டாலும் அந்தக் கை கயிற்றை விடக் கூடாது.

மேலதிகாரி என்று சொன்னேன். பட்டாளக் கழகத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஏறப்போவது கேப்டனாகவும் கீழே பிலே பிடிப்பது சிப்பாயாகவும் இருக்கலாம். கேப்டன் “ஆன் பிலே?” என்று கேட்பார். சிப்பாய் தன் கருவியையும் அவருடைய முடிச்சையும் கண்ணால் சரிபார்த்துவிட்டு “பிலே ஆன்” என்று சொல்லும்வரை கேப்டன் பாறையைத் தொட முடியாது. முடிச்சு தவறு என்றால் “அவிழ்த்துக் கட்டுங்க சார்” என்று சிப்பாய் சொல்லியாக வேண்டும். சார் கட்டியாக வேண்டும். கயிற்றில் நிற்கும்போது தோளில் இருக்கும் நட்சத்திரத்துக்கு எடை கிடையாது.

இந்த யோசனை நம் மலைக்குப் புதிதல்ல. நீலகிரிக் குறும்பர்கள் செங்குத்துப் பாறைகளில் கொடி ஏணி தொங்கவிட்டு மலைத்தேன் எடுப்பவர்கள். மேலே ஏணியைக் காவல் காப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை விரும்பாதவன் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. கழகத்தில் மைத்துனரைத் தேட முடியாது, ஆகவே ஒத்திகை பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் சரிபார்க்கிறார்கள், கத்திச் சொல்கிறார்கள்.

முதல் பல வாரங்களுக்குக் கயிறு மேலிருந்து வரும். உச்சியில் உள்ள பிடிமானத்தின் வழியாகக் கயிறு முன்பே போடப்பட்டிருக்கும், ஆகவே வழுக்கினால் ஓரடி, இரண்டடிதான் இறங்குவோம். இதுதான் டாப் ரோப். கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் வழியெல்லாம் மாட்டிக்கொண்டு ஏறுவது லீட். கடைசியாக மாட்டிய இடத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்து வழுக்கினால், அதற்குக் கீழேயும் இரண்டு மீட்டர் போய்த்தான் கயிறு இறுகும். அதனால் லீட் செய்ய அவசரப்படும் இளைஞரைப் பயிற்சியாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எல்லாம் எதில் தொங்குகிறது

உச்சியில் கயிற்றைத் தாங்கும் பிடிமானத்துக்கு ஆங்கர் என்று பெயர். தமிழில் நங்கூரம் என்றே சொல்லலாம். ஒற்றைப் பிடிமானத்தை நம்பக் கூடாது என்பது முதல் விதி. ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் இன்னொன்று தாங்க வேண்டும், கல்யாணப் பந்தலை ஒரே காலில் கட்டாததுபோல.

இரண்டாவது விதியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நீர் நிறைந்த வாளியின் கைப்பிடியில் ஒரு கயிறு கோத்து, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். பக்கத்தில் நின்றால் ஆளுக்குப் பாதி எடை. விலக விலகக் கை கனக்கும். இரண்டு கயிறுகளுக்கும் நடுவே கோணம் 120 பாகை ஆனால் ஒவ்வொருவரும் முழு வாளியின் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பீர்கள். நங்கூரத்தின் இரு கிளைகளும் அப்படித்தான், ஆகவே கோணத்தை 60 பாகைக்குள் வைக்கப் பார்ப்பார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நீளும் கயிறு அடியைக் குறைக்கிறது, உராய்வு விழுகிறவரை நிறுத்துகிறது, நங்கூரம் சுமையைப் பங்கிடுகிறது. தோள் வலிமை இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பாறையின் குணம்

நீலகிரிப் பாறை பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பார்கள். கெட்டியான பாறை, சுலபத்தில் பொடியாவதில்லை. காய்ந்திருந்தால் காலணி ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்திருந்தால் என்பதுதான் சிக்கல். தென்மேற்குப் பருவம் ஜூனில் தொடங்கும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் நன்றாகக் கொட்டும். ஈரப் பாசி படிந்த பாறை சோப்புத் தேய்த்த குளியலறைத் தரை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும் இடைவெளிதான் நம்பகமான காலம். அப்போதும் மதியத்தில் சமவெளியிலிருந்து மஞ்சு ஏறி வந்து மூடினால் கயிற்றின் மறுமுனை ஆள் குரலாக மட்டும் மிச்சமிருப்பார்.

பாறையில் எனக்குப் பெரிய பயம் உயரத்தால் இல்லை, மலைத்தேனீயால்தான். லேம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் போன்ற செங்குத்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறையின் தொங்கும் பகுதிகளில் அரைவட்ட அடைகள் கறுப்பாகத் தொங்கும். கூட்டம் கலைந்து கயிற்றில் தொங்குகிறவரைச் சூழ்ந்தால் அவரால் ஓடவும் முடியாது. அதனால் ஏறும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தொலைநோக்கியால் அடை தேடுவதுதான் ஒழுங்கு. புகை, வாசனைத் திரவியம், கூச்சல் எதுவும் கூடாது.

அப்புறம் அனுமதி. நல்ல பாறைகளில் பல, காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலைநடை போனவர்கள் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் விதிகள் இறுகின. பட்டாளம் என்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கயிறு கட்ட முடியாது, கட்டவும் கூடாது.

ஏணியின் படிகள்

சரி, வாய்ப்பு என்று எதைச் சொல்கிறோம்? முதல் வாய்ப்பு மிகச் சாதாரணமானது: வாரக் கடைசியில், பயிற்சியாளர் முன்னிலையில், இரவல் வாங்கிய கருவிகளோடு பாறையில் கழிக்கும் நேரம். வெளியில் ஓர் இளைஞர் கயிறு, ஹார்னஸ், தலைக்கவசம், காலணி எல்லாம் சொந்தமாக வாங்கப்போனால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கழகத்தில் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு எடுத்து, துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அதில் தேறுகிறவர்களைக் கழகம் அடிப்படைப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கும். டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் ஆகியவை பெயர் பெற்றவை. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். பனியில் நடப்பது, பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது, காலணியில் மாட்டும் கிராம்பான் என்ற முள்தகட்டோடு ஏறுவது எல்லாம் அங்கேதான் முதன்முதலில். முடிவில் தரம் போடுவார்கள். ‘ஏ’ தரம் வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்குப் போகலாம். அதற்கப்புறம் மீட்புப் பயிற்சி, பயிற்றுநர் பயிற்சி என்று போகும்.

பயணக்குழு கடைசிப் படி. இந்தியச் சிகரங்களுக்கு டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை வழியாக அனுமதி வாங்கி, குழு சேர்த்து, மாதக்கணக்கில் சாமான் கட்ட வேண்டும். 1965-ல் எவரெஸ்டில் முதன்முதலாக வெற்றி பெற்ற இந்தியக் குழுவை நடத்தியவர் எம்.எஸ். கோலி. கடற்படை அதிகாரி! 21 பேர் குழுவில் 9 பேர் உச்சியைத் தொட்டார்கள். மற்றவர்கள் சுமை தூக்கினார்கள், முகாம் அமைத்தார்கள், வழி திறந்தார்கள். 1977-ல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் ராணுவக் குழு 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்காவுக்குப் போனது. மே 31 அன்று உச்சிக்குப் போன இருவரில் ஒருவர் மேஜர், இன்னொருவர் நாயக், அதாவது அதிகாரி அல்லாத கீழ்நிலை வீரர். கேப்டனும் சிப்பாயும் பிலே பிடித்த கதை அங்கே 8,000 மீட்டருக்கு மேலே தொடர்ந்தது.

ஆக, டீக்கடை எவரெஸ்டுக்கு வழி உண்டு. ஆனால் அது பல வருட வழி, பெரும்பாலோர் நடுப்படிகளிலேயே சந்தோஷமாக நின்றுவிடுவார்கள்.

குன்னூர்க்காரருக்கும் தலை வலிக்கும்

“நாங்க மலைக்காரங்க, எங்களுக்கு உயரம் ஒண்ணும் பண்ணாது” என்ற பேச்சு நம் ஊரில் அதிகம். வெலிங்டன் சுமார் 1,850 மீட்டர், லே நகரம் சுமார் 3,500. நடுவே இருக்கும் இடைவெளி பெரியது.

ஊட்டியில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஊட்டியில் தண்ணீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடும், பருப்பு பிடிவாதம் பிடிக்கும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் 5,500 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒரு மூச்சில் கிடைப்பதும் பாதி. உடல் இதற்குப் பழகச் சில நாள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்துக்கு அக்ளைமடைசேஷன் என்று பெயர்.

இதில் ராணுவம் வீரத்தை நம்புவதில்லை, நாள்காட்டியை நம்புகிறது. சுமார் 2,700 முதல் 3,600 மீட்டர் வரை முதல் கட்டம், ஆறு நாள். 4,500 வரை இரண்டாம் கட்டம், நான்கு நாள். அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். மருந்தெல்லாம் அதற்குத் துணைதான். நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிவிட்டு முதலில் படுப்பதும் உண்டு.

வெளியாட்கள் எப்படி நுழைவது

ராணுவக் கழகம் கன்டோன்மென்டுக்குள் இருப்பது. ஆதார் அட்டையோடு வாசலில் போய் நின்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பணியில் இருப்பவர்களுக்கானது அது. சில இடங்களில் குடும்பத்தாருக்கும் இடம் உண்டு.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நேர்வழி என்.சி.சி. அதன் பாறையேற்ற முகாம்கள் குவாலியரிலும், திருவனந்தபுரம் பக்கத்து நெய்யாறு அணையிலும் நடப்பவை. நெய்யாறு நம் நாகர்கோவில்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். தேறும் கேடட்களை மலையேற்ற நிறுவனங்களுக்கும் அனுப்புகிறார்கள். மற்றவர்களும் கவலைப்பட வேண்டாம், டார்ஜிலிங், உத்தரகாசி நிறுவனங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தோடு சேர்ந்து நடப்பவை என்றாலும் பொதுமக்களுக்கும் திறந்தவை. மருத்துவச் சான்றிதழும் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் பொறுமையும் வேண்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

போவதற்குமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நீளக் கயிறு வாங்கி, எட்டு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டும்வரை பழகுங்கள். முதல் நாள் பாறைக்குப் போகும்போது நகத்தை ஒட்ட வெட்டியிருங்கள், முடி நீளமென்றால் இறுக்கக் கட்டுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பாறை விளிம்பில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடல் வழுக்கினால், விரல் போய்விடும். நிச்சயதார்த்த மோதிரமாக இருந்தாலும் சரி.